பொறந்த ஊட்டுக் கோடி

சித்த நகந்து உக்காருங்க தம்பி. இல்லீங்க, ஜன்னலோரம் நீங்களே இருங்க, எனக்குக் காத்து ஆகாது. கோர்ட்டு ஸ்டாப்புல ஏறுனீங்களே, உங்களுக்கும் கேசுங்களா? ஓ, சிநேகிதருக்குக் கையெழுத்துப் போட வந்தீங்களா, அப்பச் சரி. ஒருக்கா அந்தப் படி ஏறுனா கால் தானாப் பழகிரும், பாத்து இருங்க. நான் ஏற ஆரம்பிச்சப்ப என்ற தலையில ஒரு நரை இல்லை. இப்பக் கருப்பு ஒண்ணு இருந்தா எடுத்துக் காட்டுங்க பாக்கலாம்.

வெள்ளகோயிலுக்குங்களா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முன்னாலயே எங்க காட்டுப் பிரிவுல எறங்கிருவேன். அது வரைக்கும் பேசிட்டுப் போலாம். எங்கூட்ல இப்ப எங்கூடப் பேச ஆளில்லீங்க, அதான் பஸ்ஸுல கெடைச்சவங்ககிட்டப் பேசறேன். என்ற பேரு கொழந்தசாமி.

இந்த நாட்டுல ரூல்ஸை மாத்திட்டே இருக்கறாங்க பாருங்க, அதாங்க எனக்குப் புடிக்கறதில்லை. ஒரு மனுசன் கஷ்டப்பட்டு ஒரு ரூலைக் கத்துக்கிட்டு, அதுக்குள்ள எப்படி நொழையறது, எப்படி வெளிய வரதுன்னு தெரிஞ்சு வெச்சிருப்பான். திடீர்னு மாத்திப்போடுவாங்க. மறுக்கா மொதல்ல இருந்து கத்துக்கோணும். யாருக்குங்க இதுல நல்லது?

என்ன கேசுன்னு கேக்கறீங்களா. பாகக் கேசு. போட்டது வேற யாருமில்லை, கூடப் பொறந்தவ. நாங்க மூணு பேருங்க. மூத்தவ ரத்தினக்கா, நடுவுல நான், கடைசி மயிலாத்தா. கேணத்துக்காடுன்னு எங்க வெவசாய பூமி, அதுக்கு எங்கப்பன் உயில் கியில் எழுதாமயே போயிட்டாரு. ரத்தினக்கா தங்கம். எனக்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடக்கான்னு சொன்னேன். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. "என்ற தம்பிக்கு இல்லாததா"ன்னு போட்டுட்டு, அடுப்புல பால் பொங்குதான்னு பாக்கப் போயிட்டா. அதாங்க பொறப்பு. மயிலாத்தா போடல. "ரோசனை பண்ணிச் சொல்றனுங்கண்ணா"ன்னா. பொம்பளைக்கு இதுல என்னங்க ரோசனை?

அவ புருசன் லாரியில அடிபட்டுப் போயிட்டான். ஒரே புள்ளை, தாமரைன்னு பேரு. அதைத் தூக்கிட்டுத் திருப்பூர்ல ஒரு லைன் ஊட்ல வாடகைக்கு இருந்துட்டு, பனியன் கம்பெனியில பிசிர் வெட்டப் போயிட்டிருந்தா. ஒரு நாள் எங்கூட்டுக்கு வந்து நின்னா. "அண்ணா, கேணத்துக்காட்டு மூலையில நாலு தகரம் போட்டுக்கற அளவுக்கு எடம் குடுங்க, வாடகை குடுத்து மாளலை"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எடம் கேட்டதுக்கு இல்லீங்க. எங்கூட்டுக்காரி முன்னால, பால்காரன் முன்னால கேட்டா. "அவ்வளவு வேணும்னா கோர்ட்டுல போயி வாங்கிக்க"ன்னு சொன்னேன். கோவத்துல சொல்றதுதானுங்களே. அவ நெசமாவே போயிட்டா. எப்பேர்ப்பட்ட மனசு பாருங்க.

அப்பல்லாம் சட்டம் நல்லா இருந்துச்சுங்க. சம்மன் குடுக்கோணும்னா அமீனாவே நேர்ல வரோணும். சைக்கிள்ள வருவாரு, பாவம், வேர்த்து ஒழுகும். எங்கூட்டுக்காரி சேர் எடுத்துப் போட்டு மோரு குடுப்பா. "அவிய பழனிக்குப் போயிருக்கறாங்க"ம்பா. நான் உள்ள கட்டல்ல உக்காந்து கேட்டுட்டு இருப்பேன். அடுத்த தடவை மருதமலைக்கும்பா. அந்த ஒரு வருசத்துல நான் போகாத மலை இல்லீங்க. கடைசியில அமீனா சலிச்சுப்போயிக் கதவுல ஒட்டிட்டுப் போயிட்டாரு. ஒட்டுனாக் கையில குடுத்த மாதிரின்னு ரூல். நம்ம வக்கீல் சாமியப்பன் கெட்டிக்காரரு. ஒரே கேள்வி கேட்டாரு, எந்தக் கதவுல ஒட்டுனீங்கன்னு. பாத்தா, ஊட்டுக் கதவுல ஒட்டல, மாடு கட்டற கட்டுத்தறிக் கதவுல ஒட்டிப்போட்டாரு. "மாட்டுக்குச் சம்மன் குடுத்திருக்கறாங்கய்யா"ன்னு சொல்லி, எல்லாத்தையும் மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்க வெச்சுட்டாரு. கோர்ட்டே சிரிச்சுது. மயிலாத்தாளும் சிரிச்சா, நான் பாத்தேன்.

இப்பத் தபாலு, கூரியரு, போதாததுக்குப் போன்லயே அனுப்பறாங்களாம். ரெண்டு நீலக் கோடு விழுந்தா வாங்கிட்டதாக் கணக்காமா. மனுசன் கோயில் கொளம்னு போக வேண்டாங்களா?

அப்பறம் பதிலுரை. அவ சொன்னதுக்கு நான் என்ன சொல்றேன்னு எழுதிக் குடுக்கறது. முன்ன அதுக்கு யாரும் கெடு வெச்சு வெரட்ட மாட்டாங்க. நடுவுல டில்லியில உக்காந்துட்டு, இத்தன நாளுக்குள்ள குடுக்கோணும், இல்லீன்னா கதவை அடைச்சிருவோம்னு மாத்திப்போட்டாங்க. எனக்குச் சோறு எறங்கல. சாமியப்பன் சொன்னாரு, "பயப்படாதீங்க, ரூல்ஸ் போடறவங்க போட்டுட்டே இருப்பாங்க, நமக்கு ஒரு சந்து போதும்"னு. அதே மாதிரி மேல் கோர்ட்டுல, அந்தக் கெடு ஆளை வெரட்டறதுக்குத்தான், கழுத்தைப் புடிக்கறதுக்கு இல்லைங்கற மாதிரி ஒண்ணு சொல்லிட்டாங்க. சந்து கெடைச்சுது. நாங்க சத்தமில்லாமப் பொட்டாட்டப் பூந்து வந்துட்டோம்.

ஆனா மாத்துனதுல ஒரு ரூலு நல்ல ரூலுங்க. எனக்குன்னே போட்டாப்பல. முன்னெல்லாம் கேசு போட்டவங்க கூண்டுல ஏறி ஆதியோட அந்தமாக் கதை சொல்லுவாங்க. ஜட்ஜு கேட்டுட்டு இருப்பாரு. பொம்பளை ஏறுனா அழுவா. ஜட்ஜுக்கும் ஊட்ல தங்கச்சி இருக்குமல்லங்க. நேரம் வீணாப் போகுதுன்னு அதை எடுத்துட்டாங்க. சொல்ல வேண்டியதை டைப் அடிச்சு, சத்தியம் பண்ணிக் குடுத்தாப் போதும். அப்பறம் எதிர்க்கட்சி வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணுவாரு, அதுக்குப் பதில் சொன்னாச் சரி.

இது மயிலாத்தாளுக்குத் தெரியல. பேசறதுக்குன்னே தயாராகி வந்துட்டா. மாம்பழக் கலர்ச் சேலை, தாமரை காதுகுத்துக்கு நான் எடுத்துக் குடுத்தது. கூண்டுல ஏறி ஜட்ஜைப் பாத்துக் கும்புட்டு வாயைத் தொறந்தா. கிளார்க்கு காயிதத்தை நீட்டி, "இது உன்ற கையெழுத்துதானம்மா? சரி, எறங்கு"ன்னுட்டாரு. "நான் ஒண்ணுமே சொல்லலீங்களே"ன்னு நிக்கறா. அவ வக்கீலம்மா வந்து, "குறுக்கு விசாரணையில கேப்பாங்க, அப்பச் சொல்லிக்கலாம் வாங்க"ன்னு கையைப் புடிச்சு எறக்குச்சு. சாமியப்பன் என்ற காதுகிட்டக் குனிஞ்சு, "நாம கேட்டாத்தானே?"ன்னாரு.

வெளங்குச்சுங்களா? குறுக்கு விசாரணை முடியலைன்னா அந்தச் சாட்சி நிக்காது. அவ டைப் அடிச்சுக் குடுத்ததை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நாங்க கேக்கற வரைக்கும் அவ பேசாத மாதிரிதான். அப்ப நாங்க எதுக்குங்க கேக்கறோம்? ஒரு தடவை சாமியப்பனுக்குக் காச்சல். ஒரு தடவை வக்கீலுங்க எல்லாரும் கோர்ட்டுக்குப் போகாம நின்னாங்க. ஒரு தடவை கேசுக் கட்டைக் காணோம்னோம். மூணு வாய்தாவுக்கு மேல குடுக்கப்படாதுன்னு அதுக்கும் ரூல் வந்துச்சு. நாங்க வக்கீலையே மாத்திட்டோம். புது வக்கீலு கட்டைப் படிக்கோணுமல்லங்க, அதுக்கு வாய்தா. புதுசா வந்தவரு சாமியப்பனோட தம்பி மகன். அவரு படிச்சு முடிச்சதும் மறுக்கா சாமியப்பனே வந்துட்டாரு. அவரும் மொதல்ல இருந்து படிக்கோணுமல்ல.

மயிலாத்தா ஒவ்வொரு தடவையும் கம்பெனிக்கு லீவு போட்டுட்டு வருவா. கோர்ட்டு வாசல்ல புளிய மரத்தடியில டிபன் பாக்ஸைத் தொறந்துட்டு, "அண்ணா, சாப்புட்டீங்களா?"ம்பா. கேசு வேற, ஒறவு வேறங்களே. நானும் உக்காந்து பாதிச் சோறு சாப்புடுவேன். தக்காளிச் சோறு நல்லா ஆக்குவா. எங்கம்மா கை. சாப்புட்டுக் கையைக் கழுவிட்டு உள்ள போயி வாய்தா வாங்கிட்டு வருவேன். அவ ஏன்னு கேக்க மாட்டா. "அடுத்த தடவையாச்சும் என்னையக் கேக்கச் சொல்லுங்கண்ணா"ன்னு மட்டும் சொல்லுவா. சொல்றேன் கண்ணும்பேன்.

அப்பறம் அவளுக்கு வயித்துல கட்டி. ஆஸ்பத்திரியில கைய விரிச்சுட்டாங்க. நடக்க முடியாதவங்களுக்குன்னு சட்டத்துல ஒரு வழி இருக்குதுங்க, கமிஷன்னு. ஒரு வக்கீலைக் கோர்ட்டே ஊட்டுக்கு அனுப்பும், அவரு முன்னால குறுக்கு விசாரணை பண்ணிக்கலாம். அவ வக்கீலம்மா அதுக்கு மனுப் போட்டுச்சு. நாங்க சும்மா விடுவமா? டாக்டர் சர்டிபிகேட் எங்கன்னோம். குடுத்தாங்க. டாக்டரே வந்து அது தன்ற கையெழுத்துதான்னு சொல்லட்டும்னோம். அவரு வரதுக்கு ரெண்டு மூணு வாய்தா போச்சு. எல்லாம் சட்டப்படிதானுங்க, ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க.

ஒரு வழியாக் கமிஷன் வந்துச்சு. அந்த லைன் ஊட்ல ஒரே ரூமு. கமிஷனர் சேர்ல, டைப்பிஸ்ட் டிவி வெக்கற மேசையில, சாமியப்பன் நின்னுட்டே. மயிலாத்தாளுக்குத் தலை சீவிப் பொட்டு வெச்சு, தலகாணியில சாச்சு உக்கார வெச்சிருந்தா தாமரை. எலும்பு மட்டுந்தான் இருந்துச்சு. ஆனா மூஞ்சியப் பாக்கோணுமுங்க நீங்க. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இருந்த மாதிரி இருந்தா. இன்னைக்குப் பேசப் போறாளாமா.

சாமியப்பன் ஆரம்பிச்சாரு. உங்க கல்யாணத்துல பந்தல் போட்டது யாரு? நாதஸ்வரம் எந்த ஊரு? மொதப் பந்தியில எத்தனை கூட்டு வெச்சாங்க? அவ ஒவ்வொண்ணுக்கும் ரோசனை பண்ணிப் பதில் சொல்றா. எங்கப்பன் பேச்சு வந்ததும், "எங்கப்பா சாகறப்ப என்ற கையைப் புடிச்சுட்டு"ன்னு ஆரம்பிச்சா. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. சாம்பாரா, ரசமா?"ன்னாரு சாமியப்பன். அதுக்குள்ள அவளுக்கு மூச்சு வாங்கிருச்சு. கமிஷனர் சின்னப் பையன், பயந்துட்டான். மீதியை அடுத்த வாரம் வெச்சுக்கலாமான்னான். நாங்க சரின்னோம்.

எல்லாரும் எந்திரிச்சதும் என்ற கையைப் புடிச்சுட்டா. "அண்ணா, நான் இப்பவே சொல்லிர்றனே. இவிய இருக்கறப்பவே சொல்லிர்றனே"ன்னா. கை கொதிச்சுது. நான் தண்ணி எடுத்துக் குடுத்து, "நீ நெம்பக் களைச்சுட்ட கண்ணு, படு. அடுத்த வாரம் பேசிக்கலாம்"னு போர்வையைப் போத்தி விட்டேன். கூடப் பொறந்தவங்க இல்லீன்னா யாருங்க இதெல்லாம் பண்ணுவாங்க?

அடுத்த வாரம் அவ இல்லை.

நான் அழுதனுங்க. அதுல ஒண்ணும் பொய்யில்லை. பொம்பளை செத்தாப் பொறந்த ஊட்டுக் கோடி வரோணுமல்லங்க. அண்ணன் தம்பி கொண்டாந்த புதுச் சேலையைப் போத்துனாத்தானே எடுக்கறது. ஈரோடு போயி நல்லதா எடுத்தேன், மயில் கழுத்துக் கலரு. வாசல்ல இருந்தே அழுதுட்டு உள்ள போயிப் போத்துனேன். ரத்தினக்கா அவ காதுல குனிஞ்சு, "மயிலா, அண்ணன் வந்துட்டான் பாரு. கோவம் இல்லாமப் போயிட்டு வா சாமி"ன்னா. லைன் ஊட்டுச் சனமெல்லாம் மூக்கைச் சிந்துச்சு. பக்கத்து ரூம்ல ஒரு வடக்கத்திப் பையன் இருந்தான், அவன் போன்ல படம் புடிச்சுட்டு இருந்தான். நான் அதை அப்பக் கண்டுக்கல.

கருமாதி முடிச்சு, அரிசி பருப்பெல்லாம் எறக்கி வெச்சுட்டுத் தாமரைகிட்டச் சொன்னேன். "கண்ணு, துக்க ஊட்டு ஆளு வருசம் திரும்பித் தலைத் திதி முடியற வரைக்கும் கோர்ட்டுப் படி மிதிக்கப்படாது. மிதிச்சா உங்கம்மா ஆத்மா அலையும். கேசு எங்கயும் ஓடிப் போகாது. வக்கீலம்மாகிட்டயும் நான் சொல்லிக்கறேன், மாமன் இருக்கறேன்"னேன். அந்தப் புள்ளை ரத்தினக்காளைப் பாத்து, "அப்படி ஒரு மொறை இருக்குதுங்களா பெரியம்மா?"ன்னு கேட்டுச்சு. "மாமன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் சாமி"ன்னா அக்கா. அப்படி ஒரு மொறை எங்க சனத்துல இருக்குதான்னு நீங்க கேட்டீங்கன்னா, இல்லீங்க. நான் அப்பத்தான் போட்டேன். டில்லியில இருக்கறவங்க மட்டுந்தான் ரூல்ஸ் போடோணுமுங்களா?

ஏன்னாத் தொண்ணூறு நாளுங்க. கேசு போட்டவங்க செத்துட்டா, வாரிசு தொண்ணூறு நாளுக்குள்ள வந்து நாந்தான் வாரிசுன்னு மனுப் போடோணும். போடலைன்னாக் கேசும் தானாச் செத்துரும். யாரும் ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை. வக்கீலம்மாவுக்கு விசயம் போகல. நடுவுல கோடை லீவு வேற. நான் அந்த மூணு மாசமும் வாரம் தவறாமத் தாமரையைப் போயிப் பாத்தேன். தேங்கா, மாங்கா, கொய்யான்னு கொண்டுட்டுப் போயிக் குடுப்பேன். எல்லாம் கேணத்துக்காட்டுல வெளைஞ்சதுதான். "எங்கம்மாவே வந்த மாதிரி இருக்குதுங்க மாமா"ம்பா. நாள் முடிஞ்சுது. கேசு செத்துருச்சு.

அத்தோட விட்டிருக்கலாமல்லங்க அவ? தலைத் திதி முடிச்ச மறுநாளே வக்கீலம்மாகிட்டப் போயிருக்கறா. அந்தம்மா தலையில அடிச்சுட்டுச்சாம். அப்பறம் தாமதத்தை மன்னிக்கோணும்னு மனு. அதுக்கும் ரூல்ஸ்ல எடம் இருக்குது பாருங்க, இதைத்தான் நான் சொல்றது. ஒரு கதவை அடைச்சா ஒழுங்கா அடைக்கோணும். தாமதத்துக்கு என்ன காரணம்னா, எழவு ஊட்ல கோடி போட வந்த மாமன் கோர்ட்டுக்குப் போகப்படாதுன்னு சொன்னாரு, நம்பிட்டேன்னு எழுதியிருந்தா. அதுல பொய் ஒண்ணுமில்லை, அதாங்க சிக்கலு. சாமியப்பன் ஒரு நாள் முழுக்க ரோசனை பண்ணிட்டு, "ஒரே வழிதான். நீங்க எழவுக்கே போகல"ன்னாரு.

ரத்தினக்காளைச் சாட்சிக்குக் கூப்புட்டிருக்கறா தாமரை. "தம்பிக்கு எதிராக் கூண்டுல நான் ஏற மாட்டேன் சாமி. நான் எதுக்கு? அவனே நெசத்தைச் சொல்லிருவான்"ன்னுட்டாளாம். சொன்னனே, தங்கம்னு.

நான் கூண்டுல ஏறுனேன். அந்த வக்கீலம்மா சுத்தி வளைக்கல. "உங்க தங்கச்சி எழவுக்குப் போனீங்களா?"ன்னுது. இல்லீங்கன்னேன். "கோடி போட்டது யாரு?"ன்னுது. தெரியாதுங்கன்னேன். "உங்களை விட்டா வேற ஆம்பளை உங்க பொறந்த ஊட்ல இருக்கறாங்களா?" இல்லீங்க. "அப்பப் பொறந்த ஊட்டுக் கோடி இல்லாமத்தான் உங்க தங்கச்சியை எடுத்தாங்களா?" ஆமாங்கன்னேன். டைப் அடிச்சாங்க. படிச்சுக் காட்டுனாங்க. கையெழுத்துப் போட்டேன்.

அப்பறம் அந்தம்மா போனை எடுத்து நீட்டுச்சு. அந்த வடக்கத்திப் பையன் புடிச்ச படம். அதுல நான் அழுதுட்டே போத்தறேன். சாமியப்பன் எந்திரிச்சு, "யாரு போன்ல எடுத்தாங்களோ, நாந்தான் எடுத்தேன்னு அவங்க சர்டிபிகேட் வேணுங்க"ன்னாரு. அந்தப் பையன் ஊருக்குப் போயி நாளாச்சு, நம்பரும் மாறிப்போச்சாம். படத்தை வாங்க முடியாதுன்னுட்டாங்க. அந்த அழுகை நெசமுங்க தம்பி. சத்தியமா நெசம். ஆனாச் சர்டிபிகேட் இல்லீங்களே. தாமரையோட மனு தள்ளுபடி. ஜெயிச்சுட்டோம்.

நான் சாட்சி சொன்ன அன்னைக்கு ரத்தினக்கா பின்னால பெஞ்சுல உக்காந்திருந்திருக்கறா. எனக்குத் தெரியாது. அவ ஆயுசுலயே அன்னைக்குத்தான் கோர்ட்டுப் படி ஏறுனது. வெளிய வந்ததும் என்ற முன்னால வந்து நின்னு, "கொழந்தை, அப்ப அன்னைக்குப் போத்துனது யாருடா?"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அக்கா, அது கோர்ட்டுக்குச் சொன்னதுக்கா"ன்னேன். அவ தாமரை கையைப் புடிச்சுட்டுப் போயிட்டா. அன்னைக்கு இருந்துதான் எங்கூட்டுக்காரியும் பேசறதில்லை. சோத்தைப் போட்டு வெச்சுட்டுப் போயிருவா. நான் யாருக்குங்க ஜெயிச்சேன்? காடு இவளுக்கும் இவ பெத்த புள்ளைகளுக்குந்தானே?

நேத்துச் சாயங்காலம் ரத்தினக்கா போயிட்டாங்க.

அவ மகன் தெய்வசிகாமணி போன் பண்ணுனான். "மாமா, எழவுக்கு வாங்க, வர வேண்டாம்னு சொல்லல. கோடி மட்டும் கொண்டாந்தராதீங்க"ன்னான். ஏன்டான்னேன். "அம்மா சொல்லிட்டுத்தான் போச்சு. என்ற தம்பி தங்கச்சிக்குக் கோடி போடலைன்னு கோர்ட்டுலயே எழுதிக் குடுத்திருக்கறான். தங்கச்சிக்குப் போடாதவன் எனக்கும் போட வேண்டாம், மயிலா எப்படிப் போனாளோ அப்படியே என்னையும் எடுங்கன்னுச்சு"ன்னான். "டேய், மயிலாத்தாளுக்கு நான் போட்டது உங்கம்மாளுக்குத் தெரியும்டா, பக்கத்துலதான்டா நின்னா"ன்னேன். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க மாமா. கோர்ட்டுல இருக்கறதைத்தான் நாங்க நம்போணும்"னு வெச்சுட்டான்.

தம்பி, என்னையத் தூக்கி வளத்துனவ அவ. எங்கம்மாளுக்கு முடியாதப்ப என்னைய இடுப்புல வெச்சுட்டுத்தான் தண்ணி எடுக்கப் போவா. அவளுக்குக் கோடி போட எனக்கு உரிமை இல்லீன்னா அப்பறம் என்னங்க சட்டம்? விடிஞ்சதும் சாமியப்பன்கிட்ட ஓடுனேன். இப்பத்தான் எல்லாம் கம்ப்யூட்டர்ல போடறாங்களே, அவசர மனு ஒண்ணு போடுங்க, கோடி போடறதை யாரும் தடுக்கப்படாதுன்னு ஒரு ஆர்டர் வாங்கிக் குடுங்கன்னேன். அவரு காப்பியை வெச்சுட்டுச் சிரிச்சாரு. "சொத்துன்னாக் கேக்கும், பதவின்னாக் கேக்கும். மொறை, மரியாதைக்கெல்லாம் சிவில் கோர்ட்டு வராதுங்க. அந்தக் காலத்துல இருந்து அப்படித்தான். எத்தனையோ மாத்துனாங்க, அதை மட்டும் யாரும் மாத்தல"ன்னாரு. இத்தன வருசம் எதுக்கெடுத்தாலும் மனு இருக்குதுன்னவரு.

அப்பறம் மெதுவாச் சொன்னாரு. "ஒரு வழி இருக்குது. தங்கச்சிக்குக் கோடி போட்டது நாந்தான், கோர்ட்டுல தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு அபிடவிட் போடுங்க. பத்து நிமிச வேலை. நகலைக் கொண்டு போயி எழவு ஊட்ல காட்டுங்க, அவிய வாங்கிக்குவாங்க. ஆனா அந்தப் புள்ளை மேல் கோர்ட்டுக்குப் போறதுக்கு இன்னும் கெடு இருக்குது. அந்தக் காயிதம் அவ கையில கெடைச்சாக் கேசு உசுரோட எந்திரிச்சு உக்காந்துரும். கேணத்துக்காட்டுல பங்கு போயிரும். பாத்துக்கங்க"ன்னாரு.

பேனாவை எடுத்தனுங்க. எடுக்காம இல்லை. மூடியைக் கூடக் கழட்டிட்டேன். ஆனா எப்படீங்க? அந்தக் காடு எங்கப்பன் மம்முட்டி புடிச்ச காடு. ஒருத்தி செத்துட்டாங்கறதுக்காகக் காட்டைக் குடுக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. மூடியை மாட்டி மேசை மேலயே வெச்சுட்டு வந்துட்டேன்.

இந்தக் கட்டப் பையில என்னன்னு பாக்கறீங்களா. கோடிதானுங்க. நேத்தே எடுத்துட்டேன். நல்ல சேலை, தொட்டுப் பாருங்க, பரவால்ல. ரத்தினக்காளுக்குப் பச்சைன்னாப் புடிக்கும்.

எழவுக்கு நான் போகலீங்க. வெறுங்கையோட எப்படிப் போயி நிக்கறது? சொந்தபந்தம், ஒறம்பர சனமெல்லாம் இருக்கும். கொண்டு போனாலும் வாசல்லயே வெச்சுத் திருப்பிக் குடுப்பாங்க, அதையும் எவனாச்சும் போன்ல புடிப்பான். இந்தத் தடவை சர்டிபிகேட்டோட புடிப்பாங்க, எனக்குத் தெரியாதுங்களா?

அந்தா தெரியுது பாருங்க, பாலம் தாண்டுனா எங்க பிரிவு. நீங்க நேரா வெள்ளகோயில்தானே? நடுவுல கொழிஞ்சிக்காட்டுப்புதூர்னு வரும், கண்டக்டர்கிட்டச் சொன்னா நிறுத்துவாரு. எறங்குன எடத்துலயே பந்தல் தெரியும். மத்தியானத்துக்கு மேலதான் எடுக்கறாங்களாம், நேரம் இருக்குது. இதை உள்ள கொண்டு போயி அவ மேல போத்திருங்க தம்பி. ஒண்ணும் பேச வேண்டாம், போத்திட்டு வந்துருங்க. அடுத்த பஸ் ஒடனே வரும்.

யாருன்னு கேப்பாங்கதான். பொறந்த ஊட்ல இருந்துன்னு சொல்லுங்க. என்ற பேரை மட்டும் சொல்லீராதீங்க, சொன்னா வாங்க மாட்டாங்க. உங்க பேரையே சொல்லிருங்க. நாந்தான் தம்பின்னு சொல்லுங்க.